தொட்டித் தண்ணீரும் தீத்தடை நாளும்: ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தில் முதல் ஆண்டு

கேள்வி: நான் மதுரையில் செவிலியர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நில் என்ற சிற்றூரில் வேலை கிடைத்து, கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் நவம்பரில் புறப்படுகிறேன். ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு வீட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். தொட்டித் தண்ணீர், செப்டிக் டேங்க் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நகரத்திலேயே வளர்ந்த எங்களுக்கு இது சரிப்படுமா? முதல் சில மாதங்கள் வீட்டில் இருக்கப்போகும் என் கணவருக்குப் பேச்சுத்துணை கிடைக்குமா?

பதில்: சரிப்படும். ஆனால் அந்த வீட்டுக்கு மாநகராட்சி என்று ஒன்று கிடையாது, அந்த வேலைகளையெல்லாம் நீங்களே பார்க்க வேண்டும் என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் குளிரையும் தனிமையையும் நினைத்து அஞ்சுகிறார்கள். அவர்களை உண்மையில் திணறடிப்பவை தண்ணீரும் தீயும்தான்.

தண்ணீர்க் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். தொட்டித் தண்ணீர் என்றால் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைப்பது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நீங்கள் போகும் விம்மெரா கோதுமைச் சீமையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 மி.மீ. மழைதான் பெய்யும், சென்னை மழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுக் கூரை 200 சதுர மீட்டர், பக்கத்துக் கொட்டகை 150 சதுர மீட்டர் என்று கொண்டால், 1,40,000 லிட்டர் விழுந்து, ஆவியானதும் வழிந்ததும் போக 1,12,000 லிட்டர் அளவுக்குத் தொட்டியில் சேரும். நால்வரும் தலைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவழித்தாலும் ஆண்டுக்கு 1,46,000 லிட்டர் வேண்டும். துண்டு விழும் 34,000 லிட்டரை லாரியில் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திறந்த வாய்க்கால்களுக்குப் பதிலாக அப்பகுதியில் போடப்பட்டு 2010-இல் நிறைவடைந்த குழாய்த் திட்டத்தின் இணைப்பும் வீட்டில் இருக்கலாம். பண்ணைகளுக்கு அதில் வருவது சுத்திகரிக்கப்படாத தண்ணீர் என்பதால், தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் ஆகும், குடிக்க ஆகாது. எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதை முதல் நாளே கேட்டு, குழாய்க்குக் குழாய் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

தொட்டியிலிருந்து தண்ணீரை வீட்டுக்குள் தள்ளுவது மின்மோட்டார் என்பதால், மின்சாரம் நின்றால் குழாயும் நின்றுவிடும். இரண்டு குடங்களில் எப்போதும் தண்ணீர் பிடித்து வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை அங்கே போய் விட்டுவிடாதீர்கள்.

செப்டிக் டேங்க் உயிருள்ள ஒன்று. கழிவைச் செரிப்பவை அதிலுள்ள நுண்ணுயிரிகள். ஆசிட், பினாயில், பிளீச் ஊற்றிக் கழுவும் நம் பழக்கம் அவற்றைக் கொன்றுவிடும். தாளித்த எண்ணெயையும் தேங்காய்ச் சக்கையையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிடாமல் குப்பையில் சேருங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிச்சேற்றை எடுக்க வேண்டும். கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

நீங்கள் இறங்கும் நவம்பரில் அறுவடை நடந்துகொண்டிருக்கும், புல் காய்ந்திருக்கும், பாம்புகளும் நடமாடும். தீ அபாயத்தை 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் மிதம், உயர்வு, தீவிரம், பேரழிவு என்ற நான்கு நிலைகளாக அறிவிக்கிறார்கள். பேரழிவு நிலை அறிவிக்கப்பட்ட நாளில் புகை தெரியும்வரை காத்திருக்காமல் காலையிலேயே, முடிந்தால் முந்தைய இரவே, பிள்ளைகளுடன் ஊருக்குள் போய்விட வேண்டும். 2009 பிப்ரவரி 7 அன்று இதே மாநிலத்தில் 173 பேர் தீயில் இறந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால், இந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றாது. மாநில அரசின் அவசர எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்வதோடு பேட்டரி வானொலி ஒன்றும் வாங்குங்கள், நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி.யின் வானொலி தீ நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இங்கே நம்மவருக்கென்று ஒரு குறிப்பு. பொங்கல் வருவது அங்கே கோடையின் உச்சியில். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் முற்றத்தில் விறகு மூட்டிப் பானை ஏற்றுவது தண்டனைக்குரிய குற்றம். தடை இல்லாத நாளிலும், காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வீசக்கூடாது, சுற்றிலும் 3 மீட்டர் தரையைச் செத்தை இல்லாமல் துப்புரவாக்க வேண்டும், ஒரு பெரியவர் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. வீட்டுக்குள் கேஸ் அடுப்பிலேயே பொங்கிவிடுங்கள். சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாம்புக்கடி முதலுதவியை நீங்கள் பயிற்சியில் படிப்பீர்கள்; தனியே இருக்கப்போகிற கணவருக்கும் சொல்லிக்கொடுங்கள். கண்ணாடி விரியன் கடித்த இடத்தை இறுக்கிக் கட்டக்கூடாது என்று நாம் கற்றிருக்கிறோம். ஆனால் அங்குள்ள பழுப்புப் பாம்பின் நஞ்சு நிணநீர் வழியே பரவுவதால், அகலமான நீட்சித்துணியால் அந்தக் கை அல்லது கால் முழுவதையும் அழுத்திச் சுற்றி, அசையாமல் வைத்து, அவசர உதவிக்கான 000 எண்ணை அழைக்க வேண்டும். கடித்த இடத்தைக் கழுவக்கூடாது.

கார் இல்லாமல் 18 கிலோமீட்டர் நடக்காது. இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பொதுவாக ஆறு மாதங்கள் பயன்படுத்தலாம். அதற்குள் எழுத்துத் தேர்வு முதல் ஓட்டும் தேர்வு வரை இருவரும் முடித்துவிடுங்கள். அந்தி வேளையில் கங்காரு குறுக்கே பாய்ந்தால் பிரேக் பிடியுங்கள், வண்டியை வளைக்காதீர்கள். வளைத்தவர்கள்தான் மரத்தில் மோதுகிறார்கள். அருகிலுள்ள உரிய பள்ளி 4.8 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், பிள்ளைகள் அரசின் இலவசப் பள்ளிப் பேருந்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பேச்சுத்துணைக்கு வருகிறேன். எழுத்தில் ஓர் 'எச்' கூடுதலாக இருந்தாலும் ஊரின் பெயர் வாயில் நம் 'நில்' போலவே ஒலிக்கிறது; நிற்க வந்தவர்களில் நீங்கள் முதலாமவரும் இல்லை. ஏறத்தாழ 2,000 பேர் வாழும் அவ்வூரில் பர்மாவின் கரேன் மக்கள் 2010 முதல் குடியேறி, வேலையும் வீடும் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் கூடும் இடம் சனிக்கிழமைக் கால்பந்து, நெட்பால் (கூடைப்பந்து போன்ற ஆட்டம்) மன்றம். விளையாடத் தெரியாவிட்டாலும் அங்கே தேநீர்க் கடையில் நிற்க ஆள் வேண்டும். சி.எஃப்.ஏ. என்னும் நாட்டுப்புறத் தீயணைப்பு அமைப்பிலும் பெரும்பாலோர் தன்னார்வலர்களே. தீக்குள் போகாத வேலைகளும் அதில் உண்டு. உங்கள் கணவர் இவ்விரண்டில் ஒன்றில் சேர்ந்தால், அக்கம்பக்கத்தார் தாமாகவே கைப்பேசி எண்ணைத் தருவார்கள். தீ நாளில் முதலில் அழைப்பவர்களும் அவர்களே.

யாராவது விருந்துக்கு அழைத்து "பிரிங் எ பிளேட்" என்றால், காலித் தட்டோடு போய்விடாதீர்கள். எல்லோரும் பகிர்ந்து உண்ண ஒரு பலகாரம் கொண்டுவரச் சொல்கிறார்கள். உளுந்து வடை கொண்டுபோகலாம். முதல் தடவை பச்சைமிளகாயைக் குறைத்து, என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதித் தட்டின் பக்கத்தில் வையுங்கள். கடலையும் முந்திரியும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.