பழைய காரின் ரிமோட் ஸ்டார்டர்: கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்குப் பதில்

அன்புள்ள தம்பி,

13 வருடம் ஓடிய கொரோலா ஒன்றை வாங்கியிருப்பதாகவும், முன்பு வைத்திருந்தவர் பூட்டிய ரிமோட் ஸ்டார்டரின் (தூரத்தில் நின்றே பொத்தானை அழுத்தி இயந்திரத்தை இயக்கும் கருவியின்) ரிமோட் வேலை செய்யவில்லை என்றும், இணையத்தில் 30 டொலருக்குக் கிடைக்கும் புதியதை வாங்கி நீங்களே புரோகிராம் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிர்கால டயரையும் காப்புறுதியையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டயரை நான்கு சில்லுக்கும் மாற்றுங்கள். காப்புறுதியை உங்கள் தரகரிடமே கேளுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது முதற் கேள்வியைப் பற்றித்தான்.

ரிமோட்டைக் காருக்குப் பதிவது உங்களால் முடிந்த வேலை. ஆனால் காசைச் செலவழிக்க முன்னர் பழைய ரிமோட்டின் பற்றறியை மாற்றிப் பாருங்கள். கதவு பூட்டித் திறக்கிறது, இயந்திரம் மட்டும் இயங்கவில்லை என்றால் பெரும்பாலும் ரிமோட்டில் பிழை இராது. கராஜில் வேலைக்கு விடும்போது யாரும் தூரத்திலிருந்து இயக்கிவிடாமல் இருப்பதற்காக 'வலே' என்று ஒரு நிலை உண்டு. முன்பு வைத்திருந்தவர் காரை அந்த நிலையிலேயே விட்டிருக்கலாம். அல்லது பொனற் திறந்திருக்கும்போது இயந்திரம் இயங்காமல் தடுக்க அதன் கீழுள்ள சிறிய சுவிட்ச், வீதியில் கொட்டும் உப்பினால் துருப்பிடித்துப் போயிருக்கலாம்.

இவை ஒன்றும் இல்லையென்றால், ஸ்டியரிங்கின் அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். வயர்க்கட்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் தயாரிப்பாளரின் பெயரும் மாடல் இலக்கமும் ஒட்டியிருக்கும். மஞ்சள் உறையிட்ட வயர்களில் மாத்திரம் கை வைக்காதீர்கள், அவை காற்றுப்பைக்குப் போகின்றவை. அந்த மாடலுக்கென்று உள்ள ரிமோட்டைத்தான் வாங்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அலைவரிசை வேறாக இருந்தால் பெட்டி அதை ஏற்காது. பிறகு அதற்குரிய கைந்நூலை எடுத்து, அதில் உள்ளபடி மட்டும் செய்யுங்கள். பலவற்றில் திறப்பை (சாவியை) அதில் சொன்ன தடவை போட்டு நிறுத்தியோ வலே பொத்தானை அழுத்தியோ, பார்க்கிங் விளக்குகள் மின்னியவுடன் ரிமோட்டின் பொத்தானை அமர்த்தினால் வேலை முடிந்துவிடும். சிலவற்றில் புதியதைப் பதியும்போது பழையவை அழிந்துபோகும் என்பதால், வீட்டிலுள்ள எல்லா ரிமோட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்ன கணக்கை நம்பி அழுத்திப் பார்க்க வேண்டாம். ஒரு தடவை கூடிவிட்டால், ஸ்டார்டர் எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும், இயந்திரம் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்கிற அமைப்புகளுக்குள் போய், இருப்பதையும் மாற்றிவிடுவீர்கள். 1991இல் நான் வந்த காலத்தில் இப்படியான கைந்நூல்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அந்தப் பழக்கத்தில்தான் இன்றுவரை என் காருக்கு நானே வேலை செய்கிறேன்.

பதிந்து முடித்ததும் இரண்டு பரிசோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள். பொனற்றைத் திறந்து வைத்து, கையை உள்ளே விடாமல், ரிமோட்டை அழுத்துங்கள். இயந்திரம் இயங்கக் கூடாது. பொனற்றை மூடி இயக்கிவிட்டு, திறப்பைப் போடாமல் பிரேக்கை மிதியுங்கள். இயந்திரம் உடனே நிற்க வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் அந்த ஸ்டார்டரைப் பாவிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நிலவறையில் இருந்துகொண்டு "நூறு டொலர் தா, பூட்டித் தாறன்" என்கிற எங்கள் ஆட்கள்தான். துருப்பிடித்த பொனற் சுவிட்சை மாற்றுவதற்குப் பதிலாக அதன் வயரை வெட்டிவிடுகிறார்கள். அடுத்தவர் கை விசிறிக்குள் இருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை பொத்தானை அழுத்தினால் என்னவாகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. கனடாவில் 2007 செப்டெம்பருக்குப் பின் வந்த புதிய கார்களுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு கட்டாயம் என்பதால், சிப் உள்ள திறப்பு இல்லாமல் இயந்திரம் ஓடாது. அதைச் சமாளிக்கச் சிலர் உங்கள் இரண்டாவது திறப்பையே டாஷ்போட்டுக்குள் டேப் சுற்றி ஒளித்து வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் அந்தப் பூட்டினால் பயனில்லை, உங்கள் காரிலும் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் நிற்கும் காரை ஒருபோதும் ரிமோட்டால் இயக்காதீர்கள், கராஜ் கதவு திறந்திருந்தாலும்கூட. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அதற்குரிய அலாரம் இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோ 2014இல் சட்டமாக்கியது. வெளியே நிற்கும் காரிலும், ஸ்னோ கொட்டிய காலையில் புகைக்குழாயைத் துப்புரவாக்கிய பிறகே பொத்தானை அழுத்துங்கள். அரை மணித்தியாலம் சூடாக்குவதை வசதியின் அடையாளமாக நினைக்கும் பழைய ஆட்களைப் பார்த்துப் பழகவும் வேண்டாம். ரொறன்ரோவில் நின்ற இடத்தில் ஓடவிடுவதற்கு மாநகரம் வைத்திருக்கும் பொது எல்லை 60 நிமிடத்துக்கு 1 நிமிடம்தான்.

உங்கள் கார் தானாகக் கியர் மாறும் ஓட்டோவா, கையால் கியர் போடுவதா என்று நீங்கள் எழுதவில்லை. கையால் போடுவது என்றால், தயவுசெய்து இந்த வேலையையே தொடாதீர்கள். அதற்கான பெட்டிகள் உண்டு. நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக் போட்டு, இறங்கிக் கதவை மூடினால்தான் அவை அடுத்த முறை இயங்கும். ஆனால் சில பெட்டிகளில் ஒரு சின்ன வயர் வளையத்தை வெட்டினாலே, இது ஓட்டோ கார் என்று பெட்டி நம்பி, கியரில் நின்றாலும் இயக்கிவிடும்.

1994 தை மாதம் ஸ்காபரோவில் ஒரு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் ஒரு பழைய கார், தொழிற்சாலையில் அதிகாலை ஐந்து மணி ஷிப்ட். தெரிந்த ஒருவர் 60 டொலருக்கு ஸ்டார்டர் பூட்டித் தந்தார். கிளச்சை மிதிக்காமல் இயங்கும்படி வயரைச் சேர்த்ததையும், அந்த வளையத்தை வெட்டியதையும் அவர் சொல்லவில்லை. ஊரில் வாகனத்தைக் கியரில் போட்டு நிறுத்தித்தான் எங்களுக்குப் பழக்கம். மூன்றாம் மாடிப் பல்கணியில் நின்று நான் பொத்தானை அழுத்தினேன். கார் ஒரு தடவை விக்கியது, இரண்டாம் தடவை துள்ளியது, மூன்றாவதில் இயந்திரம் பிடித்துக் கொங்கிரீட் கட்டையில் ஏறி நின்றது. அந்த இடத்தில் அதுவரை என் அறைத் தோழர் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டு நின்றார். சுரண்டி கைநழுவி விழுந்து பக்கவாட்டில் சறுக்கியதால் அதை எடுக்க இரண்டு அடி விலகியிருந்தார். மேலே நின்ற எனக்கு அது தெரியவில்லை. படியால் இறங்கி ஓடிய அந்த மூன்று மாடிகளையும், அவர் சுரண்டியோடு எழுந்து நின்றதைக் கண்ட நொடியையும் இன்றுவரை மறக்கவில்லை.

அன்றிரவே, டேப் குளிரில் விறைத்து உரிய மறுக்க மறுக்க, இருவருமாக அந்தப் பெட்டியைக் கழற்றினோம். அவர் இப்போது மார்க்கம் நகரில் இருக்கிறார். ஐஸ் சுரண்டுவதென்றால் இன்றும் காரின் பக்கத்தில் நின்றுதான் சுரண்டுவார்.