ஜெனரல் ஸோவின் கோழி

அன்புள்ள ஐயா,

நியூஜெர்ஸியில் ஆறு வருடங்களாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவென்றால் ஜெனரல் ஸோ சிக்கன்தான், இங்கே சீனக் கடைகளில் விற்கும் இனிப்பும் காரமுமான பொரித்த கோழி. உடன் வேலை பார்க்கும் சீனத் தோழி, "இப்படி ஒன்று எங்கள் ஊரிலேயே கிடையாது" என்று சிரித்ததிலிருந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. மிளகாயே நமக்கு வெளியிலிருந்து வந்ததுதானே என்று தேற்றிக்கொள்கிறேன். அசல் சீன உணவைத் தேடிப் பழக வேண்டுமா?

கா.

அன்புள்ள கா,

மிளகாய்க் கதையை விடுங்கள், எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சப்பென்று ஆகிவிட்டது. தோழி சொன்னதிலும் தப்பில்லை. நீங்கள் கூச்சப்படுகிறீர்களே, அதுதான் எரிச்சல்.

அந்தக் கோழியைச் செய்தவர் பெங் சாங்குவெய். சீனாவின் ஹுனான் மாகாணத்துக்காரர், 1949-ல் தைவானுக்குப் போன சமையல்காரர். அங்கே அவர் செய்தது உப்பும் புளிப்பும் காரமும்தான், சர்க்கரை கிடையாது. 1973-ல் நியூயார்க்கில் கடை போட்டார்; அந்த ஊர் நாக்குக்காக இனிப்பு ஏறியது. கோழிக்குப் பேர் கொடுத்த சீனத் தளபதி ஸோ 1885-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம், ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. அசலைத் தேடி ஹுனானுக்குப் போனால் நின்று விழிப்பீர்கள்.

சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாதென்று 1882-ல் சட்டம் போட்ட நாடு அமெரிக்கா. 1943 வரை அந்தச் சட்டம் இருந்தது. வியாபாரிகளுக்கு மட்டும் விலக்கு. 1915-ல் ஒரு தீர்ப்பு உணவகக்காரர்களையும் வியாபாரிக் கணக்கில் சேர்த்தது, அப்புறம் என்ன, ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையை அழைத்துவர ஒரு வழி கிடைத்ததென்று கரண்டியைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். கைலான் என்ற சீனக் கீரை கிடைக்காத இடத்தில் ப்ரோக்கோலியைப் போட்டு வதக்கினார்கள். அதைப் போலி என்று சொல்லத்தானய்யா கூச வேண்டும், தின்னவா?

பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் இருந்தபோது பெட்ரோல் பங்கை ஒட்டிய ஒரு கடைக்குப் போவேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். போன் அடித்தால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சுத்த அமெரிக்க ஆங்கிலத்தில் ஆர்டர் எடுப்பான், உள்ளே திரும்பி அம்மாவிடம் அவர்கள் பாஷையில் கத்துவான். ஒருநாள் அவர்கள் சாப்பிடும் நேரம். இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீன், மெனுவில் இல்லாதது. நான் எட்டிப் பார்த்ததைக் கண்டு அந்த அம்மாள் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கண் அடுப்பில் இருந்த ஆரஞ்சு சிக்கன் மேலேயே இருந்ததைப் பையன் பார்த்துவிட்டான். சிரித்துக்கொண்டே என் பொட்டலத்தில் இரண்டு சாஸ் பாக்கெட்டைக் கூடுதலாகப் போட்டான்.