லாக் கோப்பு ஏன் வீங்குகிறது? எஸ்க்யூஎல் சர்வர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) தரவுத்தளத்தின் தரவுக் கோப்பு 40 ஜிபி மட்டுமே. மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் லாக் கோப்போ 310 ஜிபியைத் தொட்டுவிட்டது. இரவுதோறும் முழு பேக்கப் தவறாமல் எடுத்தும் ஏன் குறையவில்லை?

பதில்: முழு பேக்கப் லாக்கைக் காலி செய்யாது. உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஃபுல் ரெக்கவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும் வரை எல்லா மாற்றங்களையும் லாக்கில் வைத்திருக்கும் அமைப்பில்) இயங்கும் தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும், லாக் பேக்கப் (லாக்கை மட்டும் நகலெடுப்பது) எடுக்கப்படும் வரை அந்தக் கோப்பிலேயே காத்துக் கிடக்கும். லாக் பேக்கப் முடிந்த பிறகுதான் தேவையற்ற பகுதிகளின் மேல் மீண்டும் எழுதலாம் என்று சர்வர் குறித்துக்கொள்ளும். அப்போதும் வட்டில் கோப்பின் அளவு தானாகக் குறையாது, உள்ளே இடம் மட்டுமே காலியாகும்.

ஆகவே ஷ்ரிங்க் (கோப்பின் அளவைச் சுருக்குதல்) செய்யும் முன் காரணத்தைக் கண்டறியுங்கள். சிஸ்.டேட்டாபேசஸ் என்ற காட்சியில் (வியூவில்) லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்ற நெடுவரிசை அதை ஒரே சொல்லில் கூறிவிடும். 'லாக்_பேக்கப்' என்றிருந்தால் லாக் பேக்கப்புக்கு நேர அட்டவணை அமையுங்கள். எத்தனை நிமிட வேலையை இழந்தாலும் தாங்க முடியும் என்பதே அதன் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். 'ஆக்டிவ்_ட்ரான்சாக்‌ஷன்' என்றிருந்தால், யாரோ ஒரு பரிவர்த்தனையை (ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பை) தொடங்கி முடிக்காமல் வைத்திருக்கிறார்கள். டிபிசிசி ஓப்பன்ட்ரான் கட்டளை அவற்றுள் மிகப் பழையதைக் காட்டும். காரணம் நீங்கிய பின் ஒரே ஒரு முறை, தேவையான அளவுக்கு மட்டும் ஷ்ரிங்க் செய்யுங்கள். பயன்பாட்டிலுள்ள பகுதி கோப்பின் கடைசியில் இருந்தால் அளவு குறையாது; இன்னொரு லாக் பேக்கப் எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: அப்படியானால் இரவுதோறும் ஷ்ரிங்க் செய்யும் வேலை ஒன்றை அமைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் இரவில் சுருக்கிய கோப்பு காலையில் மறுபடி வளரத்தான் போகிறது. வளரும் புதிய இடம் முழுவதையும் சர்வர் பூஜ்யங்களால் நிரப்பியாக வேண்டும், அதுவரை லாக்கில் எழுதவேண்டிய பரிவர்த்தனைகள் காத்திருக்கும். 2022 பதிப்பு முதல் 64 எம்பி வரையிலான தானியங்கி வளர்ச்சிக்கு மட்டுமே இதிலிருந்து விலக்கு உண்டு.

கேள்வி: சர்வரை நிறுத்திவிட்டு லாக் கோப்பையே அழித்துவிட்டால்?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். தரவுத்தளம் திரும்ப எழாமலே போகலாம்.

கேள்வி: சிம்பிள் மாடலுக்கு (லாக் பேக்கப் இல்லாமலே லாக்கில் இடம் காலியாகும் அமைப்புக்கு) மாற்றிச் சுருக்கிவிட்டு, உடனே ஃபுல் மாடலுக்குத் திரும்பினால் போதாதா?

பதில்: அந்த நொடியில் லாக் பேக்கப் சங்கிலி (மீட்புக்குத் தேவையான, இடைவெளியில்லாத லாக் பேக்கப்புகளின் தொடர்) அறுந்துவிடுகிறது. திரும்பியதும் முழு பேக்கப்போ டிஃபரன்ஷியல் பேக்கப்போ (கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை மட்டும்) எடுத்தால்தான் சங்கிலி மீண்டும் தொடங்கும். நான் பார்த்த ஓர் இடத்தில் பிற்பகலில் இப்படி மாற்றியவர்கள் அந்த பேக்கப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். மாலையில் ஒரு முக்கியத் தரவு அட்டவணை (டேபிள்) தவறுதலாக அழிந்தபோது, மாற்றத்துக்கு முந்தைய நிலைக்குத்தான் அவர்களால் திரும்ப முடிந்தது. இடையில் பதிந்த அத்தனையையும் ஊழியர்கள் காகிதங்களைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

கேள்வி: லாக் கோப்புக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது?

பதில்: இத்தனை சதவீதம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்குகளை நான் நம்புவதில்லை. மிகப் பெரிய இண்டெக்ஸை (தேடலை விரைவாக்கும் அமைப்பை) மறுகட்டமைக்கும் இரவில் டிபிசிசி எஸ்க்யூஎல்பெர்ஃப் கட்டளை கொண்டு உச்சப் பயன்பாட்டை அளந்து, அதற்கு மேல் சற்றுக் கூடுதலாக ஒதுக்குங்கள். வளர்ச்சியைச் சதவீதத்தில் வைக்காமல் நிலையான எம்பி அளவில் வையுங்கள். 2016 பதிப்புக்கு முன் இயல்பாக 10 சதவீதம் என்று இருந்ததால், பழைய தரவுத்தளங்களில் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: சிம்பிள் மாடலில்தான் இருக்கிறோம். பழைய பதிவுகளில் 5 கோடி வரிசைகளை நீக்கும்போது 9002 பிழை (லாக் நிரம்பிவிட்டது) வந்து நின்றுவிடுகிறது.

பதில்: ஒரே டெலீட் கட்டளையாக ஓட்டினால், அது முடியும் வரை, அது தொடங்கிய பின் எழுதப்பட்ட லாக்கின் எந்தப் பகுதியையும் பொதுவாக விடுவிக்க முடியாது, எந்த மாடலிலும் இதுதான் நிலை. நாலாயிரம் நாலாயிரம் வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் தனிப் பரிவர்த்தனையாக முடியுங்கள். இடையிடையே செக்பாயிண்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதும் வேலை) நிகழும்போது இடம் காலியாகிக்கொண்டே வரும். மொத்தத்தையும் சுற்றி ஒரு பிகின் ட்ரான் (பரிவர்த்தனையைத் தொடங்கும் கட்டளை) மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பிரித்ததன் பயன் முழுவதும் போய்விடும்.