கெப்புக்கு (பிக்கப் வண்டிக்கு) பெரிய சில்லு போட்டால் டீசல் கூடக் குடிக்குமா?

ஓம், குடிக்கும். பெரிய சில்லு என்றால் வண்டியோடு வந்ததைவிட உயரமும் அகலமும் பாரமும் கூடிய றிம், டயர். பாரம் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக அதைச் சுழற்ற எஞ்சின் கூட இழுக்க வேண்டும். வயலில் கிளி கலைக்கிற கவணின் கயிற்றை நீட்டிவிட்டுச் சுற்றிப் பாருங்கள், அதே கல்தான், ஆனால் தோள்பட்டை நோகும். கல்முனை பஜாருக்குள் நின்று நின்று எடுக்கும்போது இது நன்றாகவே தெரியும், பொத்துவில் பக்கம் ஒரே சீராக ஓடினால் அவ்வளவு இல்லை. ஆனால் சேற்றுக்கென்று செய்த கட்டை டயர் தார் ரோட்டிலும் டீசல் தின்னும் (பார்வைக்கு எடுப்புத்தான், அது வேறு கதை).

அப்புறம், மீட்டர் காட்டுகிற கிலோமீட்டரை வைத்து டீசல் கணக்குப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம், அது ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும்: 17 அங்குல றிம்மில் 265/65 (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65%) டயரைக் கழற்றி 285/70 போட்டால் உயரம் சுமார் 7% கூடும், அதனால் மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 107 ஓடியிருக்கும்.