சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நார்மல் என்று வந்தும் முதுகெலும்பு வாதம் 'ஆக்டிவ்' என்கிறாரே டொக்டர், வெறும் ஆறு கேள்வி கேட்டு ஒரு வியாதியை அளக்க முடியுமா?

முடியும். கேள்வி கேட்டுத்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் அன்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ், அதாவது நீங்கள் சொல்கிற இந்த முதுகெலும்பு வாதம், எத்தனையோ பேருக்கு ரத்தத்தில் காட்டவே காட்டாது. 'வெறும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னைச் சுருக்கென்று குத்திவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு முப்பதுக்குள்தான் வயது இருக்கும், உட்கார்ந்து பார்க்கிற வேலை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் "எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்டிருப்பார்கள். இப்போது உங்களுக்கே உங்கள் வலி மேல் சந்தேகம். இந்த ஊகம் தப்பாக இருந்தாலும் மிச்சத்தை வாசியுங்கள்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். விடிவதற்கு முன்னாலேயே இடுப்புக்குக் கீழே கட்டிப் போட்ட மாதிரி இறுகிப்போய் விழிப்பு வந்துவிடும். நாங்கள் இருக்கிற லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற படிகளில் கையை ஊன்றித்தான் ஏறுவேன். ஆனால் தொழிற்சாலைக்குள் கொஞ்ச நேரம் நடந்து திரிந்தால் இளகிவிடும், பத்து மணிக்கு மேல் பார்க்கிறவனுக்கு நான் நல்ல மனுஷன். இதுதான் பிரச்சினை. "வேலை செஞ்சா சரியாகிற வலி என்னாப்பா வலி?" என்று தொழிற்சாலையைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா எல்லார் முன்னாலும் கேட்டார். ஓய்வெடுத்தால் கூடும், உடம்பை அசைத்தால் குறையும் என்பதுதான் இந்த வியாதியின் அடையாளமே என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாயு என்றார்கள், பனிக்குளிர் என்றார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒருவர் சிஆர்பி ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, லீவு போட மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு வந்தவனைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்து பனடோல் எழுதிக் கொடுத்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் கண்டியில் வாத நோய் கிளினிக் ஒன்றுக்கு அனுப்பினார்கள், துணைக்கு அம்மாவும் வந்தார். அங்கேதான் அந்த ஆறு கேள்வி. பாஸ்டாய் என்று சொல்வார்கள், இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் 1994இல் உருவாக்கியது. கடந்த ஒரு வாரத்தை மட்டும் மனதில் வைத்து பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் நம்பர் சொல்ல வேண்டும். எவ்வளவு அசதி, கழுத்து முதுகு இடுப்பில் எவ்வளவு வலி, மற்ற மூட்டுகளில் வலி வீக்கம், தொட்டால் அழுத்தினால் நோகிற இடங்கள், காலையில் எழும்போது எவ்வளவு இறுக்கம், அந்த இறுக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது. நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் என்றால் பத்து.

"சும்மா மூணு நாலுன்னு சொல்லு, டொக்டர் ஏசப்போறார்" என்று அம்மா பக்கத்திலிருந்து குசுகுசுத்தார். நான் உள்ளபடிதான் சொன்னேன். அசதி 7, முதுகு 8, மற்ற மூட்டு 2, அழுத்தினால் 3, இறுக்கம் 7, நேரம் ஒரு மணித்தியாலம், அதாவது 5. கடைசி இரண்டுக்கும் சராசரி 6. முதல் நான்கோடு கூட்டினால் 26, ஐந்தால் வகுத்தால் 5.2. நாலு அல்லது அதற்கு மேல் என்றால் நோய் ஆக்டிவ் என்று எடுக்கிறார்கள். அவ்வளவு காலம் யாரும் நம்பாத ஒன்றுக்கு ஒரு நம்பர் கிடைத்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை அம்மாவால் புரிந்துகொள்ள முடியவில்லை, "கேள்வி கேக்கவா இவ்வளவு தூரம் பஸ்ல வந்தோம்" என்றார்.

அம்மாவுக்கு அளவு என்றாலே நம்பிக்கை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு காட்டுகிறது ஒன்று, துண்டில் எழுதுகிறது இன்னொன்று. சாக்குக்கு என்று கழிப்பார்கள், ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், வெயில் காய்கிற நாளிலும் ஈரம்! கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கேட்டால் வாய்க்காரி. சரி, அது வேறு கதை, ஆனால் எழுதாமல் விட மனம் வரவில்லை.

"நோயாளி வாயால் சொல்கிற நம்பரை நம்பலாமா, கூட்டிச் சொல்ல மாட்டானா" என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள். கூட்டிச் சொல்கிறவர்கள் இருக்கலாம், எங்கள் பக்கம் என்னவோ குறைத்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம். இந்த முறையில் குறையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அசதி ரத்தசோகையாலும் வரும், தூக்கமில்லாமலும் வரும், அதற்கும் நம்பர் ஏறத்தான் செய்யும். அதற்காகத்தான் அஸ்டாஸ் என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள். அதில் முதுகு வலி, காலை இறுக்கத்தின் நேரம், மற்ற மூட்டு வலி, மொத்தத்தில் நோய் எப்படி இருக்கிறது என்ற உங்கள் கணிப்பு, இவற்றோடு சிஆர்பியோ, ஈஎஸ்ஆர் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையோ சேரும். கையால் கூட்ட முடியாது, போனிலோ கம்ப்யூட்டரிலோ போட்டுப் பார்ப்பார்கள். 1.3க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 2.1க்கு மேல் அதிகம், 3.5க்கு மேல் மிக அதிகம். மருந்து மாற்றிய பிறகு 1.1ஆவது இறங்கினால்தான் முன்னேற்றம் என்று கணக்கு. சிஆர்பி நார்மலாக இருந்தும் 2.1ஐத் தாண்டலாம், உங்கள் டொக்டர் சொல்வதும் அதுவாக இருக்கலாம்.

முதுகில் பேனாவால் கோடு போட்டுக் குனியச் சொல்லி டேப்பால் அளப்பதும், சுவரோடு நிற்க வைத்துத் தலை எட்டுகிறதா என்று பார்ப்பதும் வேறு விஷயம். முதுகு எவ்வளவு வளைகிறது என்பதற்கான அளவு அது, அழற்சி என்கிற நெருப்பு இப்போது எரிகிறதா என்பதை அது தனியாகச் சொல்லாது. எக்ஸ்ரேயும் அப்படித்தான், பழைய சேதத்தைக் காட்டும், அதிலும் தெரிய வருஷக்கணக்காகலாம். எம்ஆர்ஐயில்தான் முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேருகிற மூட்டின் அழற்சியை நேராகப் பார்க்கலாம், அதற்கு எங்கள் பக்கம் காத்திருக்கிற வரிசையைப் பற்றி எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

நான் டொக்டர் இல்லை, உங்கள் மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும். இந்த வியாதி கண்ணையும் தாக்கலாம், ஆனால் அந்த ஆறு கேள்வியில் கண் இல்லை. ஒரு கண் சிவந்து நொந்து வெளிச்சம் பார்க்கக் கூசினால், அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கண் டொக்டரிடம் போய், இந்த வியாதி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.