விசித்திரமான, மனதைக் கலங்கடிக்கும் திரைப்படங்களைப் பார்த்து முடித்தபின் அவற்றுக்கு எப்படி மதிப்பெண் தருகிறீர்கள்?

படம் முடிந்த அன்றைக்கே மதிப்பெண் இடுவதில்லை என்பதுதான் நான் கடைப்பிடிக்கும் ஒரே விதி. அந்த விதிக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது டேவிட் லிஞ்ச் இயக்கி 1977இல் வெளியான ‘இரேசர்ஹெட்’ என்ற கறுப்பு வெள்ளைப் படம். ஆகவே அதைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

பார்த்த படங்களுக்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு உண்டு. இரேசர்ஹெட்டை முதன்முறை பகல் வெளிச்சத்தில், மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் பார்த்தேன். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரு நகரத்தில் ஹென்றி என்பவன், தன்னுடையது என்று சொல்லப்படும், மனித உருவமே இல்லாத ஒரு குழந்தையோடு ஒற்றை அறையில் அடைபட்டுக் கிடக்கிறான் என்பதற்கு மேல் எனக்குக் கதை எதுவும் பிடிபடவில்லை. பெண் வீட்டு விருந்தில் தட்டிலிருக்கும் சின்னஞ்சிறு கோழியை அவன் அறுக்க முற்படும்போது அது கால்களை அசைக்க, உள்ளிருந்து கரிய திரவம் கசிகிறது. அந்த அருவருப்பு அன்றிரவு என்னைச் சாப்பிட விடவில்லை. மூன்று என்று எழுதி நோட்டை மூடினேன். எழுதும்போதே அந்த எண் படத்துக்கு உரியதா, என் குமட்டலுக்கு உரியதா என்ற சந்தேகம் இருந்தது.

சிரிக்க வைக்க வந்த படம் சிரிக்க வைத்ததா, அழ வைக்க வந்தது அழ வைத்ததா என்று பார்த்து மதிப்பெண் இடுவது எளிது, ஏனென்றால் அது எங்கே போக நினைத்தது என்பது நமக்குத் தெரியும். நீங்கள் கேட்கும் வகைப் படங்களில் போகுமிடமே தெரிவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், கைத்திறன் போதாமல் குழம்பிப்போன படமும், நன்கு திட்டமிட்டு நம் நிம்மதியைக் குலைக்கும் படமும் முதல் பார்வையில் ஏறக்குறைய ஒரே உணர்வைத் தந்துவிடுகின்றன என்பது. இரண்டையும் பிரித்தறிய நான் கண்ட வழி, எனக்குள் எழுந்த சங்கடம் படத்தின் எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று மறுபடியும் போய்த் தேடுவதுதான்.

என் மகள் பிறந்து நான்கைந்து மாதங்கள் ஆனபின், அவள் தூங்கிய ஓர் இரவில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே படத்தை மீண்டும் பார்த்தேன். முதல்முறை என் காதுக்கு எட்டவே எட்டாத ஒரு தாழ்ந்த இரைச்சல், காற்றும் நீராவியும் எங்கோ ஓடும் இயந்திரமும் கலந்த ஓர் ஓசை, படம் நெடுக அறைக்கு அறை தன்மை மாறி ஒலிப்பதை அன்றுதான் கேட்டேன். லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்பிளெட்டும் சேர்ந்து உருவாக்கிய அந்த ஓசைதான், யாரும் எதுவும் பேசாத காட்சிகளில்கூட என் நெஞ்சை இறுக்கிக்கொண்டிருந்தது. ஹென்றி அறையைவிட்டு வெளியே போகக் கதவைத் தொடும்போதெல்லாம் குழந்தை அழத் தொடங்குகிறது. அதன் உடல்சூட்டை அவன் தெர்மாமீட்டரில் அளந்து, ஒன்றுமில்லை என்று நிம்மதியடைந்து திரும்பினால், அதன் முகமெல்லாம் புண்ணாக இருக்கிறது. நள்ளிரவில் மகளின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, நம்பிக்கை வராமல் மறுபடியும் கைவைத்துப் பார்த்த எனக்கு அந்தக் காட்சியில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் படம் உருவான விதத்தைத் தேடிப் படித்தேன். பிலடெல்பியாவின் தொழிற்சாலைப் பகுதியொன்றில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாழ்ந்த நாட்கள் லிஞ்சின் மனதில் விதைத்த அச்சத்திலிருந்து அது முளைத்திருக்கிறது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் தந்த 10,000 டாலரோடு தொடங்கி, பணம் தீரும்போதெல்லாம் நின்று நின்று, முடிய ஐந்து ஆண்டுகள் ஆயின. ஹென்றி ஒரு கதவைத் திறக்கும் காட்சிக்கும், அவன் உள்ளே நுழையும் அடுத்த காட்சிக்கும் இடையே ஒன்றரை ஆண்டு இடைவெளி இருந்ததாம். ஹென்றியாக நடித்த ஜாக் நான்ஸ் அத்தனை காலமும், மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கும் ஹென்றியின் தலைமுடியை அப்படியே வைத்திருந்தார். பட்ட பாட்டுக்காக மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் துண்டுதுண்டாக எடுத்தும் ஒரு காட்சியில்கூட அந்த உலகத்தின் இருட்டும் ஓசையும் பிசகவில்லை என்பது, என் சங்கடம் தற்செயலாக வந்ததல்ல என்பதற்கு எனக்குப் போதுமான சான்று. மூன்றை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். அந்தக் குழந்தை உருவத்தை எப்படிச் செய்தார் என்பதையும், படத்தின் பொருள் என்ன என்பதையும் லிஞ்ச் 2025இல் இறக்கும்வரை சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காகவும் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு.

இந்த வழி எல்லாப் படத்துக்கும் விடை தந்துவிடாது. ஆந்திரேய் ஜுவாவ்ஸ்கி மேற்கு பெர்லினில், பெர்லின் சுவரை ஒட்டிய வீடுகளில் எடுத்த ‘பொஸஷன்’ (1981) என்ற படத்தை 2 முறை பார்த்தும் என் நோட்டில் அதற்கு நேரே தேதி மட்டும்தான் இருக்கிறது. 124 நிமிடம் ஓடும் அந்தப் படம் அமெரிக்காவில் 81 நிமிடமாக வெட்டப்பட்டு வெளியானது; நான் பார்த்தது முழுப் படம். சுரங்கப்பாதையில் இசபெல் அஜானி தன் உடலைச் சுவரில் மோதி மோதித் துடிக்கும் காட்சிக்கு நிகராக இன்னொரு நடிப்பை நான் கண்டதில்லை. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் கணவனும் மனைவியும் தொடக்கத்திலிருந்தே அலறிக்கொண்டிருப்பதால், பிற்பகுதியில் உண்மையான பயங்கரம் வரும்போது அதைத் தாங்கிக் காட்ட அமைதி என்று எதுவும் மிச்சமிருப்பதில்லை. அது இயக்குநரின் பிழையா, அல்லது முறிந்துகொண்டிருக்கும் ஒரு மணவாழ்வின் உள்ளே இருப்பவர்களுக்கு அமைதியான ஒரு நிமிடமும் வாய்ப்பதில்லை என்ற உண்மையா என்பதை என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. மூன்றாம் முறை பார்க்கும்போது, கதைக்குள் போகாமல், முதல் அரைமணி நேரத்தில் அவர்கள் குரல் தாழும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.