சிலையை வித்து ஆஸ்பத்திரி கட்டலாமா?

கேள்வி: அரசாங்கத்துக்கு கடன் ஏறிக்கிட்டே போகுது. மியூசியத்துல பாதி பொருள் குடோன்லதான் பூட்டிக் கிடக்கு, யாரும் பாக்கிறதில்ல. அதையெல்லாம் வித்து ஆஸ்பத்திரி, பென்ஷன்னு கொடுத்தா என்ன தப்பு?

பதில்: இந்தக் கணக்கை அமெரிக்காவுல டெட்ராய்ட் நிஜமாவே போட்டுப் பாத்துச்சு. 2013 ஜூலைல அந்த ஊரு சுமார் 18 பில்லியன் டாலர் கடனோட திவாலாச்சு, தெருவிளக்குல பாதிக்கு கிட்ட எரியாத ஊரு அது. கடன் கொடுத்தவங்க கண்ணு நேரா டெட்ராய்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்ட்ஸ் மேல போச்சு, ஏன்னா அந்த மியூசியத்து ஓவியங்கள் நகராட்சிக்குச் சொந்தம். டச்சு ஓவியர் வான்கோ தன்னையே வரைஞ்சுகிட்ட ஓவியம், 1922லயே வாங்கினது, அங்க இருக்கு, அமெரிக்க மியூசியம் ஒண்ணுக்குள்ள வான்கோ நுழைஞ்சது அதுதான் முதல் தடவை. ஃபோர்டு ஃபேக்டரி தொழிலாளிங்களை சுவர் முழுக்க டியெகோ ரிவேரா வரைஞ்சதும் அங்கதான்.

சரி, வித்தா எவ்வளவு வரும்? நகரத்துப் பணத்துல வாங்கினதை மட்டும் கிறிஸ்டீஸ்ங்கிற ஏலக் கம்பெனி மதிப்பு போட்டாங்க, 454லேர்ந்து 867 மில்லியன் டாலர். அதிகபட்சமா வச்சுக்கிட்டாலும் கடன்ல அஞ்சு சதவீதம் கூட அடையாது! அதுக்கு மேல இன்னொண்ணு. 2012லதான் சுத்தி இருக்கிற மூணு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஜனங்க ஓட்டு போட்டு மியூசியத்துக்குன்னு தனி சொத்து வரி கட்ட ஒத்துக்கிட்டாங்க, ஒன்றரை லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷத்துக்கு சுமார் 15 டாலர், பதிலுக்கு அவங்களுக்கு டிக்கெட் கிடையாது. ஒரு ஓவியத்தை வித்தாலும் வரி நிக்கும்னு அந்த மூணுல ஒண்ணான ஓக்லண்ட் கவுண்டி கறாரா சொல்லிடுச்சு.

கடைசில என்ன ஆச்சுன்னா, ஃபோர்டு, கிரெஸ்கி, நைட் மாதிரி ஃபவுண்டேஷன்கள், மிச்சிகன் மாநில அரசு, மியூசியத்துக்கு நன்கொடை குடுக்கிறவங்கன்னு எல்லாருமா சேந்து 816 மில்லியன் டாலர் தர ஒத்துக்கிட்டாங்க, அந்தப் பணம் போனது ரிட்டயர் ஆனவங்க பென்ஷனுக்கு. ஓவியங்கள் இனி விக்க முடியாதபடி தனி அறக்கட்டளை கைக்கு மாறிச்சு. சாதாரண ஊழியர்களுக்கு மாசப் பென்ஷன்ல 4.5 சதவீதம் வெட்டு விழுந்துச்சு, வருஷா வருஷம் ஏறுற படியும் போச்சு, அது வலிக்கிற வெட்டுதான், நான் இல்லேங்கல. ஆனா முதல்ல பேசின வெட்டு இதைவிட ரொம்பப் பெருசு. அதைக் குறைக்கிற பணம் அந்த ஓவியங்களைக் காப்பாத்தணும்னுதான் வந்துச்சு. நீங்க "ஓவியமா பென்ஷனான்னு" கேக்குறீங்க, அங்க ஓவியம்தான் பென்ஷனுக்குப் பணம் கொண்டு வந்துச்சு.

குடோன்ல இருக்கிறது வீண்னு நினைக்காதீங்க. துணி, காகிதம் எல்லாம் வெளிச்சம் பட்டா மங்கிப் போகும், மாத்தி மாத்தித்தான் வெளிய வைக்கணும். நம்ம எழும்பூர் மியூசியத்துல வெண்கலச் சிலைகளைப் பாக்கிறீங்களே, மண்ணுக்குள்ள கிடந்து ஏறின உப்பு ஈரக்காத்து பட்டதும் பச்சை பச்சையா அரிச்சுக்கிட்டே போகும், அதை நிறுத்தணும்னுதான் 1930லயே அங்க கெமிக்கல் லேப் தொடங்கினாங்க. அந்த வேலை தெரிஞ்ச ஆளும் சம்பளமும் வருஷா வருஷம் இருக்கணும்.

பதிவேடும் அப்படித்தான். நம்ம ஸ்ரீபுரந்தான் கோயில்லேர்ந்து திருடு போன நடராஜர் சிலையை 2008ல 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலியா நேஷனல் கேலரி வாங்கிடுச்சு, 2014ல திரும்பி வந்தார். திருட்டுன்னு நிரூபிக்க உதவினது பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் முன்னாடியே எடுத்து வச்சிருந்த போட்டோ. போட்டோ எடுக்காத சிலை காணாமப் போனா எதை வச்சு கேப்பீங்க?

அதனால விக்கச் சொல்லி மனு போடாதீங்க. உங்க ஊர் அரசு மியூசியத்துல குடோன் உட்பட எல்லாப் பொருளுக்கும் போட்டோவோட பட்டியல் இருக்கா, அதை ஜனங்க பாக்க முடியுமான்னு ஆர்டிஐல கேளுங்க, வர்ற பதிலை எங்களுக்கு அனுப்புங்க, போடுறோம்.